ஒயரைக் கடித்தவர்கள்

போட்டோ ஸ்டுடியோ என்பது, வருகிறவரைச் சிரிக்கச் சொல்லிவிட்டு வேலை செய்கிறவன் முறைத்துக்கொண்டு நிற்கிற தொழில்.

நான் முறைத்துக்கொண்டு நின்ற ஸ்டுடியோ தியாகராய நகரில், பனகல் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது. அங்கே எனக்கு லைட்மேன் வேலை. அதற்கு முன் ஒரு ஆலையில் இருந்தேன். சங்கத்தின் வாசல் கூட்டத்தில் பேசியதற்காக வெளியே அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரம் படித்து வந்தது. அதனால் எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் பெரிய எழுத்தை நான் நம்புவதில்லை. சின்ன எழுத்தைத்தான் முதலில் படிப்பேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஸ்டுடியோவுக்கு டிஜிட்டல் கேமரா வந்தது. அது எங்களுக்கு நடந்த முதல் அநியாயம் அல்ல. வரிசை மாறாமல் சொல்கிறேன். அநியாயத்தில் வரிசை முக்கியம். முதலில், இருட்டறையில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிக் கல்லாவுக்கு மேலே மாட்டினார்கள். அடுத்தது, முகூர்த்த நாளில் வார விடுமுறை கிடையாது என்றார்கள். இந்த ஊரில் முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நீங்கள் யாராவது பார்த்ததுண்டா? மூன்றாவதாக, பெரிய ஃபிளாஷ் லைட் ஒன்று டப்பென்று வெடித்தது. வெடித்தது லைட், வீட்டுக்கு அனுப்பப்பட்டது எங்கள் ராஜு. அந்த நேரத்தில் அவன் லைட்டுக்குப் பக்கத்தில் நின்றான் என்பதைத் தவிர வேறு குற்றம் யாரும் சொல்லவில்லை. அதை எரியவிடச் சொன்னது யார் என்று கேட்டேன். சொன்னவர் மறந்துவிட்டார். அவர் சொன்னதைக் காதால் கேட்டதாகச் சாட்சி சொல்ல அன்று கடையில் வேறு ஆளும் இல்லை. நான்காவது அநியாயம் எங்கள் நாக்கில் நடந்தது. ஐந்தாவதுதான் கேமரா.

கடைசி இரண்டைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். முதலாளிக்குக் கீழே நின்று பழகியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கட்டும்.

நாக்கில் நடந்தது

ஸ்டுடியோ லைட்டிலிருந்து கேமராவுக்கு ஒரு ஒயர் போகும். கேமராவில் பொத்தானை அமுக்கிய அதே நொடியில் லைட் பளிச்சென்று அடிக்க வேண்டும். அந்தச் சேதியைக் கொண்டுபோவது அந்த ஒயர்தான். அதன் நுனியில் ஒரு சின்ன உலோக வளையமும் நடுவில் ஒரு ஊசியும் இருக்கும். நாளாக ஆக வளையம் தளர்ந்துவிடும். கேமராவில் மாட்டினால் நிற்காது, சேதி போகாது, படம் இருட்டாக விழும். அதற்கு எங்கள் ஊர் ஸ்டுடியோக்களில் ஒரு வைத்தியம் உண்டு. வளையத்தைப் பல்லால் ஒரு கடி கடித்து இறுக்கி, உடனே மாட்டிவிடுவது. எங்கள் ஆபரேட்டர் கன்னியப்பன் ஒரு நாளில் எத்தனை முறை கடிப்பார் என்று அவருக்கே தெரியாது. லைட்டில் மின்சாரம் ஏறி நிற்கும்போது கடித்தால் நாக்கில் சுரீர் என்று இறங்கும். சில சமயம் கடித்த கடியில் லைட்டே அடித்துவிடும்.

குறடு வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் நான் பேசினேன். புது ஒயர் கேட்டும் பேசினேன். முதலாளிக்குத் திருநெல்வேலிப் பக்கம். பெயர் சுடலைமுத்து, ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவரும் இளவயதில் ஆபரேட்டராக நின்று மேலே வந்தவர். இப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். "எறும்பு கடிச்சாப்ல இருக்கும், அவ்வளவுதான்வே. நாங்கல்லாம் கடிக்காத ஒயரா?" என்று பேச்சை முடித்துவிட்டார்.

ஒரு நாள் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி, ஜாதகத்தோடு அனுப்புவதற்காகப் பெண்ணைப் படம் எடுக்க அழைத்து வந்தார். கன்னியப்பன், "வாயை மூடிக்கினு லேசா சிரிம்மா" என்று பெண்ணிடம் சொல்லிவிட்டு, ஒயரை எடுத்துக் கடித்தார். லைட் பளிச்சென்று அடித்தது. அவர் தலை பின்னால் ஒரு வெட்டு வெட்டியது. மாமி அவரையும் லைட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்ப்பா, ஒயரைக் கடிச்சாத்தான் வெளிச்சம் வரும்னா, எங்காத்துப் பொண்ணை மட்டும் எதுக்கு வாயை மூடிக்கச் சொல்றேள்?"

எலுமிச்சம்பழம்

கேமரா சிங்கப்பூரிலிருந்து வந்தது. அண்ணாச்சியின் மச்சினன் செல்வம் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய் வந்த பையன்; பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்ப்பான். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் கேமராவுக்குப் பூஜை நடந்தது. அண்ணாச்சி அதன் தலையில் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார். கண்ணாடியிலும் ஒரு பொட்டு வைக்கப் போனவரை, "அத்தான், அங்க வேணாம்!" என்று செல்வம் கையைப் பிடித்து நிறுத்தினான். கேமரா நிற்கும் முக்காலியின் ஒரு காலுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள்.

எனக்கு அந்தப் புகையிலும் மணத்திலும் மனம் போகவில்லை. இந்தக் கேமராவுக்கு ஃபிலிம் வேண்டாம் என்றார்கள். ஃபிலிம் இல்லையென்றால் கழுவ வேண்டாம். கழுவ வேண்டாமென்றால் இருட்டறை வேண்டாம். இருட்டறை வேண்டாமென்றால் அடுத்து எது வேண்டாம், யார் வேண்டாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கற்பூரம் அணைவதற்குள் அண்ணாச்சியிடம் கேட்டும் விட்டேன். "யாரும் எங்கயும் போக வேண்டாம்வே" என்றார். ஆலையில் புது இயந்திரம் வந்த அன்றும் இதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் அண்ணாச்சி அதோடு நிறுத்தவில்லை. கன்னியப்பன் பக்கம் திரும்பி, "ஏலே, இதுக்கு மட்டும் ஏதாச்சும் ஆச்சு, தொட்டவன் அன்னைக்கே வீட்டுக்கு" என்றார்.

கேமராவைத் தொடுகிற வேலை கன்னியப்பனுக்கு மட்டும்தான். ஆதம்பாக்கத்தில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள், வேறு தொழில் தெரியாது. அவர் இடத்துக்குச் செல்வம் தயாராகிக்கொண்டிருந்தான் என்பது என் கணிப்பு. தயாராகிறவனுக்கு ஒரு காரணம்தான் பாக்கி. நான் இதைச் சொன்னபோது கன்னியப்பன் நசுங்கிக் கிடந்த பழத்தைப் பார்த்தபடி சொன்னார்: "தலைவரே, அந்தப் பழத்த என் கால்ல வெச்சிருக்கலாம். நசுங்கப் போறவன் நான்தானே?"

கையைக் கட்டிக்கொண்டவர்

கேமராவை இயக்கிக் காட்டுவதற்கு விற்பனைக் கடையிலிருந்து ஒருவர் வந்தார். டை கட்டியிருந்தார். படம் எடுத்தார், திரையில் காட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். "நம்ம லைட்டோட சேர்த்து ஒண்ணு எடுத்துக் காட்டுங்க" என்று அண்ணாச்சி ஒயரை எடுத்து நீட்டினார். அவர் ஒயரைப் பார்த்தார். ஒயர் வந்த வழியே கண்ணை ஓட்டி, மூலையில் நின்ற எங்கள் தகரப் பெட்டி லைட்டுகளைப் பார்த்தார். இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டார். "அது உங்க இஷ்டம் சார். நான் மாட்ட மாட்டேன்" என்றார். பிறகு டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

எந்த நிறுவனத்து ஆளும் வேலை பார்க்க மாட்டேன் என்று சும்மா சொல்ல மாட்டான். நான் பின்னாலேயே படியிறங்கிப் போய்ப் பாத்திரக்கடை வாசலில் அவரை மடக்கினேன். அவர் விளக்கமாகவே சொன்னார். பழைய ஃபிலிம் கேமராவில் ஒயர் மாட்டுகிற இடம் வீட்டு சுவிட்ச் மாதிரி. இரண்டு தகடுகள் தொட்டுப் பிரியும், எவ்வளவு வோல்ட் வந்தாலும் தாங்கும். இந்தக் கேமராவில் அந்த வேலையைச் செய்வது கடுகளவு மின்னணுச் சில்லு. ஆறு வோல்ட்டுக்கு மேல் அதைச் சோதிக்கக் கூடாது. பழைய லைட்டுகள் ஒயர் நுனிக்கு அதைப்போலப் பல மடங்கு அனுப்பும். ஒரே ஒரு படம், சில்லு கருகிவிடும்.

நான் சும்மா விடவில்லை. அப்படியானால் கேமராவை நோஞ்சானாகச் செய்துவிட்டு, அதைக் காப்பாற்ற உங்கள் லைட்டையும் வாங்கச் சொல்கிற திட்டம்தானே இது என்று கேட்டேன். அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிவிட்டுச் சொன்னார்: "அண்ணே, அந்த ஒயரை மாட்டினா நான் உங்களுக்கு இன்னொரு கேமரா விப்பேன். மாட்டாதீங்கன்னு சொல்றேன்ல, அப்புறம் என்ன சந்தேகம்?"

முள் போன தூரம்

சந்தேகம் போகவில்லை. ஆனால் அது அவரிடமிருந்து ஒயருக்கு மாறியது. மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு ரேடியோ ரிப்பேர்காரர் இருந்தார். மீட்டரோடு அவரை அழைத்து வந்தேன். அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்த நேரம். கேமராவைத் தூரமாக எடுத்து வைத்தோம். லைட்டைப் போட்டு, மின்சாரம் முழுதாக ஏறி, தயார் விளக்கு எரியும்வரை காத்திருந்தோம். ரிப்பேர்காரர் ஒயர் நுனியின் நடு ஊசியில் மீட்டரின் சிவப்புக் கம்பியையும், வளையத்தில் கறுப்புக் கம்பியையும் வைத்தார். விரல் எங்கும் படாமல் வைத்தார். முள் எழுந்தது, போய்க்கொண்டே இருந்தது, இருநூறைத் தாண்டி நின்றது.

மீட்டர் கெட்டிருக்கும் என்றேன். அவர் கோபப்படாமல் டார்ச் பேட்டரி ஒன்றில் வைத்துக் காட்டினார், சரியாகக் காட்டியது. மற்ற லைட்டுகளையும் பார்க்கச் சொன்னேன். ஒன்று இதைவிட அதிகம். கடைசியாக வாங்கியது மட்டும் நாலு வோல்ட்டுக்குள் அடங்கியது. பார்க்க எல்லாம் ஒரே தகரப் பெட்டி, ஒரே கறுப்பு பெயின்ட். அளக்காமல் எதையும் நம்பாதீர்கள் என்றார். இதை எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் மின்சாரம் தேங்கி நிற்கும், திறக்கவே கூடாது என்று என் கையைத் தட்டிவிட்டார்.

அப்படியானால் இருநூறு வோல்ட்டைக் கடித்தவன் எப்படி உயிரோடு இருக்கிறான் என்று கேட்டேன். வோல்ட் அதிகம் என்றாலும் நுனிக்கு வரும் கரண்ட் மிகக் கொஞ்சம், அதனால் ஆள் பிழைக்கிறான், சில்லு பிழைக்காது என்றார். கன்னியப்பன் தன்னையறியாமல் உதட்டைத் தடவிக்கொண்டார். ரிப்பேர்காரர் மீட்டரைப் பைக்குள் வைத்தபடி சொன்னார்: "இத்த வாயில வெச்சிக்கினா இத்தினி நாளா வேல செஞ்சீங்க? சங்கம் எல்லாம் எதுக்கு நைனா, நேரா கோயில் கட்டிக்கலாமே!"

கறுப்புப் படம்

ஒயர் இல்லாமல் லைட்டை அடிக்க வைக்க ஒரு வழி உண்டு. லைட்டில் ஒரு சின்னக் கண் மாட்டுவார்கள். வேறு எங்காவது ஃபிளாஷ் அடித்தால் அந்தக் கண் பார்க்கும், உடனே தன் லைட்டையும் அடிக்கும். கேமராவிலேயே இருக்கிற குட்டி ஃபிளாஷ் கண்ணடித்தால் போதும், பெரிய லைட் பதில் சொல்லும். நடுவில் ஒயர் கிடையாது, வோல்ட் கிடையாது. குட்டி ஃபிளாஷின் வெளிச்சம் முகத்தில் விழாமலிருக்க, கழுவிய ஃபிலிமின் கறுப்பு நுனியை வெட்டி அதன்மேல் ஒட்டினோம்; நமக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் அதன் வழியே கசியும், லைட்டின் கண்ணுக்கு அது போதும். மீட்டர் கதையை அண்ணாச்சி நம்பவில்லை. ஆனால் கண்ணின் விலை குறைவு என்பதால் வாங்கிக் கொடுத்தார்.

முதல் நாளே படமெல்லாம் கறுப்பு. லைட் அடிக்கிறது, நம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, படத்தில் மட்டும் ஆளில்லை. கன்னியப்பனுக்கு வியர்த்தது. இது செல்வத்தின் வேலை, கன்னியப்பனுக்குக் கேமரா பிடிபடவில்லை என்று காட்டக் கேமராவுக்குள் எதையோ திருகி வைத்திருக்கிறான் என்று நான் முடிவு கட்டினேன். அவன் கழிவறைக்குப் போனால்கூட எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்தேன். ஆனால் கோளாறைக் கண்டுபிடித்ததே அவன்தான். படத்தில் கண் சிவப்பாக விழாமலிருக்க அந்தக் கேமரா முதலில் ஒரு முறை பொய்யாகக் கண்ணடிக்கும், பிறகுதான் படம் எடுக்கும். எங்கள் லைட் அந்தப் பொய்யை நம்பி முன்னாலேயே அடித்துத் தீர்ந்துவிடுகிறது. செல்வம் அதை நிறுத்தினான், படம் விழுந்தது. "அண்ணன் மேல தப்பில்ல அத்தான்" என்று அண்ணாச்சியிடமும் சொன்னான். என்னைத் தூங்க வைப்பதற்காகச் சொல்கிறானோ என்று நினைத்தேன். இன்றைக்கும் முழுதாகத் தீர்மானிக்கவில்லை.

அந்தக் கறுப்புப் படங்களில் ஒன்று நந்தனம் கல்லூரி மாணவர் ஒருவருடையது. பரீட்சை நுழைவுச்சீட்டில் ஒட்டுவதற்காக எடுத்துக்கொண்டார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சார், இத்தயே குடுங்க சார். இத ஒட்டினா என் பரீட்சைய யார் வேணா எழுதலாம்!"

வெளியூர்க் கேமரா

சில வாரம் நிம்மதியாகப் போனது. நிம்மதி எனக்குப் பிடிக்காத ஒன்று. அதற்குப் பின்னால் எப்போதும் யாரோ வருவார்கள். இந்த முறை வந்தவர்கள், அறுபதாம் கல்யாணம் முடித்த ஒரு தம்பதியும் அவர்கள் குடும்பமும். பட்டும் மாலையுமாக எல்லோரும் மாடியேறி வந்தார்கள். அவர்களில் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். கையில் ஒரு குட்டிக் கேமரா.

கன்னியப்பன், "எல்லாரும் இங்க பாருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள், பின்னாலிருந்து அந்த அமெரிக்கக்காரர் தன் கேமராவை அமுக்கினார். அதன் ஃபிளாஷ் மினுக்கியது. எங்கள் லைட்டின் கண்ணுக்கு நம்மவர் யார் அடுத்தவர் யார் என்று தெரியாது. எங்கள் லைட்டுகள் எல்லாம் அவருக்காகப் பளிச்சென்று அடித்தன. கன்னியப்பன் அமுக்கியபோது லைட்டில் சரக்கு இல்லை. படம் கறுப்பு. மறுபடி "பாருங்க" என்றார், மறுபடி அவர் முந்திக்கொண்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சினோம். அவருக்கு இது விளையாட்டாகப் போயிற்று. எங்கள் வெளிச்சம் முழுவதையும் அவர் தன் குட்டிக் கேமராவுக்குள் அள்ளிக்கொண்டிருந்தார். கல்லாவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அமெரிக்கக்காரர் அவர் பக்கம் திரும்பி, பாராட்டுகிற குரலில் கேட்டார்: "உங்க லைட்டெல்லாம் என் கேமராவுக்கே இவ்வளவு நன்னா வேலை செய்யறதே! அப்போ இவாள்லாம் எதுக்கு நின்னுண்டிருக்கா?"

சாட்சிகள்

அந்தக் கேள்வி அண்ணாச்சியின் மனதில் தங்கிவிட்டது. மறுநாள் காலை கடை திறந்ததும் லைட்டுகளிலிருந்த கண்களைப் பிடுங்கி மேஜைமேல் போட்டார். "கண்ணும் வேண்டாம், மூக்கும் வேண்டாம். பழையபடி ஒயர். ஏலே கன்னியப்பா, மாட்டுலே" என்றார்.

மீட்டர் முள் போன தூரத்தை மறுபடியும் சொன்னேன். "உம்ம மீட்டர் சங்கத்து மீட்டர்வே" என்றார். நாலு வோல்ட் லைட் ஒன்று இருக்கிறது, ஒயர்தான் வேண்டுமென்றால் அதை மட்டுமாவது மாட்டலாம் என்றேன். ஒரு லைட்டில் குடும்பப் படம் எடுக்க முடியுமா என்று கேட்டார். அவர் கையிலிருந்தது இருநூறு வோல்ட் ஒயர். கன்னியப்பன் அதை வாங்கக் கை நீட்டிவிட்டார். மாட்டினால் கேமரா கருகும், தொட்டவன் வீட்டுக்கு. மாட்டாவிட்டால் சொன்ன பேச்சைக் கேட்காதவன் வீட்டுக்கு. ராஜு போன அதே வழி அவருக்கும் திறந்திருந்தது.

ஆனால் அன்று கடையில் ஆள் இருந்தார்கள். கீழே இருக்கும் பாத்திரக்கடையின் முதலாளி ஏதோ விண்ணப்பத்துக்குப் படம் எடுக்க வந்து உட்கார்ந்திருந்தார். படிக்குப் பக்கத்தில் பூ விற்கும் அம்மா பாஸ்போர்ட் படத்துக்காகத் தலைவாரிக்கொண்டிருந்தார். நந்தனம் மாணவர் தன் நல்ல படத்தை வாங்க வந்திருந்தார். நான் நடுவில் போய் நின்றேன். முகூர்த்த நாள் எழுதியிருந்த கரும்பலகையைத் துடைத்தேன். மேலே "மாட்டச் சொன்னவர்" என்றும், கீழே "மாட்டுகிறவர்" என்றும் எழுதினேன்.

"தாராளமா மாட்டட்டும் அண்ணாச்சி. ஆனா இந்த ரெண்டு பேரையும் எழுதி, இவங்க மூணு பேர் முன்னால உரக்க வாசிச்சிட்டு மாட்டட்டும். ராஜு விஷயத்துல சாட்சி இல்லாமப் போச்சு. இன்னைக்கு இருக்காங்க" என்றேன்.

அண்ணாச்சி செல்வத்தைப் பார்த்தார். செல்வம் திரையைப் பார்த்தான். பாத்திரக்கடைக்காரர் எழுந்து போகலாமா என்று யோசிப்பது தெரிந்தது. பூக்கார அம்மாதான் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "யோவ், யாருனா ஒரு பேரச் சொல்லி மாட்டுங்கய்யா, வெயில்ல பூ வாடுது" என்றார்.

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. "ரெண்டு எடத்துலயும் என் பேரையே எழுதும்வே! என் கடை, என் ஒயர், என் கேமரா. எவனுக்குப் பயம்?" என்று கன்னியப்பனை விலக்கிவிட்டுக் கேமராவுக்கு முன்னால் போய் நின்றார். நான் எழுதினேன். வாசிக்கத் திரும்பினேன். அவர் ஒயர் நுனியைக் கேமராவின் துளைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வளையம் தளர்ந்திருந்தது, விரலால் தடவிப் பார்த்தே கண்டுகொண்டார். ஆபரேட்டராக நின்ற காலத்தை அவர் மறந்திருக்கலாம், அவர் பல் மறக்கவில்லை. சட்டென்று ஒயரை வாயில் வைத்து ஒரு கடி கடித்தார்.

லைட் அடித்தது. இளவயதில் அவர் கடித்த ஒயர் எந்த லைட்டின் ஒயரோ, எங்களுக்குத் தெரியாது. இது எங்கள் லைட். அந்த வெள்ளை வெளிச்சத்தில் அண்ணாச்சியின் கண் இரண்டும் வெளியே வந்து நிற்பதை எல்லோரும் பார்த்தோம். ஒயர் கீழே விழுந்தது. கேமரா தொடப்படாமல், சந்தனப் பொட்டோடு அப்படியே நின்றது. திறந்த வாய் மூடாமல் அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்தார். அவரை எதிர்த்து அதுவரை ஒரு வார்த்தை பேசாத கன்னியப்பன், தண்ணீர்ச் சொம்பை நீட்டி மெதுவாகக் கேட்டார்: "எறும்புதானே அண்ணாச்சி?"

பொறுப்பு

அண்ணாச்சி தண்ணீர் முழுவதையும் குடித்தார். நாக்கைப் பல்லுக்குள் சுழற்றிப் பார்த்தார். பிறகு குழறலாக, "இனிமே ஒரு பயலும் அந்த ஒயரக் கேமராப் பக்கம் கொண்டுபோகக் கூடாது" என்றார். பிடுங்கிப் போட்ட கண்களை லைட்டுகளில் திரும்ப மாட்டச் சொன்னார். அமெரிக்கக்காரர்களுக்கு என்ன செய்வது என்று செல்வம் கேட்டான். வருகிறவர்கள் தங்கள் கேமராவைக் கல்லாவில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று நான் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் விதித்த முதல் கட்டுப்பாடு அது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

அண்ணாச்சி எழுந்து கரும்பலகைக்கு வந்தார். இரண்டு இடத்திலும் இருந்த தன் பெயரை உள்ளங்கையாலேயே அழித்தார். சாக்பீஸை என் கையில் வைத்தார். "ஏதாச்சும் ஆச்சுன்னா கேக்கறதுக்கு ஒரு பேரு வேணும்னுதானவே நீரு நின்னீரு? நியாயம்தான். கேமராவுக்கும் லைட்டுக்கும் நடுவுல என்ன நடந்தாலும் இனிமே கன்னியப்பனக் கேக்க மாட்டேன், செல்வத்தக் கேக்க மாட்டேன். அளந்து பாத்தவரு நீரு. உம்மத்தான் கேப்பேன். எழுதும். எழுதிட்டு உரக்க வாசியும், இவங்க மூணு பேரும் சாட்சி" என்றார்.

பாத்திரக்கடைக்காரர் மறுபடி வசதியாக உட்கார்ந்துகொண்டார். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று எனக்குப் பட்டது, இன்றைக்கும் படுகிறது. ஆனால் மறுப்பதற்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை, எல்லா வார்த்தையும் நானே சொன்னது. கன்னியப்பன் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "எழுதுங்க தலைவரே. சின்ன எழுத்து வேணாம், பெருசாவே எழுதுங்க."

ஆலை வாசலில் தொடங்கி எத்தனையோ கோரிக்கை வைத்தவன் நான், அவற்றில் நின்ற இடத்திலேயே, ஒரு சொல் குறையாமல் நிறைவேறிய ஒரே கோரிக்கை, சாட்சிகள் முன்னால் என் வாயாலேயே நான் உரக்க வாசித்த இந்த ஒரு வரிதான்: "ஏதாவது ஆனால் பொறுப்பு, வே. தங்கராசு."